இல்லாத இரண்டு கருந்துளைகள்

ஏப்ரல் 2

யாரிடமும் சொல்லக்கூடாத ஒன்றை இன்று என் தலையில் ஏற்றிவிட்டார்கள். வாய் நமநமக்கிறது. மனைவி இருந்திருந்தால் அவளிடம் உளறிக்கொட்டியிருப்பேன். அவள் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. அதனால்தான் கேபிள் கம்பெனிக்காரன் புது வருடத்துக்குக் கொடுத்த இந்த டைரியைத் தூசி தட்டி எடுத்தேன்.

எங்கள் இயக்குநர் வரதராஜுலு சார் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"லிங்கம், ஒரு ஊசி போடணும்" என்றார்.

இது வெளியாட்களுக்குப் புரியாது. எங்கள் நிலையம் ஈர்ப்பலை பிடிக்கும் நிலையம். கரிசல் காட்டில் நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய், அதற்குக் குறுக்கே அதே நீளத்துக்கு இன்னொரு குழாய். உள்ளே காற்றே கிடையாது, லேசர் ஒளி மட்டும் ஓடும். கோடியில் கண்ணாடிகள் தொங்கும். ஈர்ப்பலை ஒன்று பூமியைக் கடந்தால் ஒரு குழாய் துளி நீளும், மற்றது துளி குறுகும். அந்தத் துளி, அணுவின் நடுவில் இருக்கும் புரோட்டானைவிட ஆயிரம் மடங்கு சின்னது. கண்ணாடிகளைக் கட்டி மேய்ப்பது என் வேலை. நிலையம் தொடங்கி இரண்டு வருடமாகியும் இன்னும் ஒரு அலைகூட மாட்டவில்லை.

மாட்டினால் எங்கள் ஆட்கள் கண்டுபிடிப்பார்களா? அவசரப்பட்டு ஊரைக் கூட்டாமல் நேர்மையாகச் சோதிப்பார்களா? அதைத் தெரிந்துகொள்ள, அலை வந்த மாதிரியே யாரோ ஒருவர் கண்ணாடியை ரகசியமாகத் தள்ளிவிடுவார். கடல் தாண்டி இருக்கும் எங்கள் ஜோடி நிலையத்திலும் அதே கணக்கில் ஒருவர் தள்ளுவார். அதற்குத்தான் ஊசி என்று பெயர் வைத்திருக்கிறோம். அப்படி ஒன்று எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கக்கூடாது, போட்டவர் சொல்லக்கூடாது. ஆராய்ச்சிக் கட்டுரையை முழுக்க எழுதி முடித்த பிறகுதான் இயக்குநர் உடைத்துச் சொல்வார்.

"ஜூலைக்குள்ள என்னிக்கு வேணும்னாலும் போடு. எந்த நாள்னு நீயே பாத்துக்க. அங்க இருக்கிற ஆளுக்கு மட்டும் சொல்லிடு" என்றார் சார்.

கேஸ் சிலிண்டர் மாற்றினேன். வாஷர் ஒழுகுகிறது.

ஏப்ரல் 6

ஞாயிறு. துணி துவைத்துவிட்டு அலை தயாரிக்க உட்கார்ந்தேன்.

ஈர்ப்பலை எப்படிப் பிறக்கிறது என்று எத்தனையோ கல்லூரிகளில் பேசியிருக்கிறேன். நானே ஒன்றைப் பெற்றுப்போட உட்கார்ந்தபோதுதான் அது எவ்வளவு கறாரான பிரசவம் என்று தெரிகிறது. எடையுள்ள எதுவும் தன்னைச் சுற்றி வெளியை வளைக்கிறது. அது சும்மா கிடந்தால் வளைவும் சும்மா கிடக்கும். உருண்டையாக நின்ற இடத்தில் சுற்றினாலும் அலை வராது. இரண்டு பாரமான பொருள்கள் ஒன்றையொன்று சுற்ற வேண்டும். அப்போது வளைவு மாறிக்கொண்டே இருக்கும், அந்த மாற்றம் ஒளியின் வேகத்தில் வெளியே ஓடும். அதுதான் அலை. அலை போகப் போக அவற்றின் ஆற்றலும் அதோடு போகிறது. ஆற்றல் குறையக் குறைய நெருங்கி வரும், நெருங்க நெருங்க வேகம் கூடும். கடைசியில் கண்மூடித் திறப்பதற்குள் பல சுற்றுச் சுற்றி ஒன்றாகிவிடும். பிறகு அமைதி.

நான் கையை வீசினாலும் அலை வரும்தான். ஆனால் நம் கருவியில் தெரிய வேண்டுமானால் கருந்துளைகள் வேண்டும். சூரியனைப்போல் முப்பது மடங்கு எடையில் ஒன்று, இருபத்துநாலு மடங்கு ஒன்று என்று இரண்டு எடுத்துக்கொண்டேன். நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் வைத்தேன். வானத்தில் இல்லாத இரண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் சுற்ற வைத்துவிட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜூன் கடைசியில் போடலாம் என்று இருக்கிறேன். வெயில் தணிந்திருக்கும்.

ஏப்ரல் 11

ஹெப்சிபா மதியம் மெஸ்ஸில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நாசரேத்துக்காரி. சிக்னல் தேடும் குழுவுக்கு அவள்தான் தலைவி. என்னை வந்த நாளிலிருந்தே அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். நான் தென்காசிக்காரன் என்பதால் ஒட்டிக்கொண்ட உறவு.

"அண்ணே, ஜெர்மனில வேலை கெடச்சிட்டு" என்றாள்.

நிரந்தர வேலை. அவள் கணவர் சாம்சன் அங்கேதான் இருக்கிறார். ஏழு வயது மகள் ஜெமிமாவும் அப்பாவோடு அங்கே பள்ளிக்குப் போகிறாள். ஹெப்சிபா ஒரு வருடம் என்று சொல்லித்தான் இங்கே வந்தாள். வருடம் இரண்டாகிவிட்டது.

"சந்தோசம்தான. பொறவு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றேன்.

"ஒண்ணுமே பிடிக்காம போறமேன்னு இருக்குண்ணே. மே கடைசிக்குள்ள பதில் சொல்லணும். போயிருவேன்னுதான் நெனைக்கேன். ஜெமி வேற தெனம் அழுதுட்டுக் கெடக்கா."

போய்விட வேண்டியதுதான் என்று சொன்னேன். மனதாரச் சொன்னேன். அவள் போனால் தேடும் குழுவில் மிச்சம் இருப்பவர்கள் சின்னப் பிள்ளைகள். மெஸ்ஸில் என் எதிரில் யார் உட்காருவார்கள் என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை.

தண்ணீர் லாரி வரவில்லை.

ஏப்ரல் 15

இன்று ஊசி போட்டுவிட்டேன். ஜூன் என்று நினைத்திருந்தேன், ஆனால் இந்த வாரம் காற்றே இல்லை. கல்குவாரிக்கும் விடுமுறை, வெடி அதிர்வு இல்லை. கண்ணாடிகள் சமர்த்தாகத் தொங்கின. இப்படி ஒரு நாள் அமைவது கஷ்டம். அதனால்தான் இன்று. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 16

காலையில் ஹெப்சிபா செருப்புப் போடாமல் கண்ட்ரோல் ரூமுக்கு ஓடி வந்தாள். திரையில் கோடு கீழிருந்து மேலே வளைந்து ஏறி நிற்கிறது. ஒரு விநாடிகூட இல்லை. ஒலியாக மாற்றிப் போட்டுக் கேட்டார்கள். குருவி கீச்சிட்ட மாதிரி இருந்தது. ஜோடி நிலையத்திலும் அதே கோடு.

யாரும் கத்தவில்லை. அவள் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது.

"வந்துட்டுண்ணே" என்றாள்.

நானும் தலையாட்டினேன். என்னால் முடியும் என்று எனக்கே தெரியாது.

ஏப்ரல் 27

எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். அன்று அந்த நேரத்தில் எந்தப் பஞ்சு லாரி போனது, எந்த ஊர்க் கோயிலில் கொட்டு அடித்தார்கள், எந்த மோட்டார் ஓடியது என்று ஒன்று விடவில்லை. கண்ணாடியைப் பற்றி என்னிடமும் கேட்டார்கள். நன்றாக இருந்தது என்றேன். பொய்யில்லை.

சின்னப் பையன்கள் "ஊசியா இருக்குமோ" என்று ஜோக் அடிக்கிறார்கள். ஹெப்சிபா அப்படிப் பேசக்கூடாது என்று கண்டித்தாள். அவளும் அதைத்தான் நினைக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் நாள் போகப் போக அந்த நினைப்பு அவளிடம் தேய்ந்துகொண்டு வருகிறது. சாப்பிடும்போது, "அந்த ரெண்டும் எத்தன கோடி வருசம் சுத்திருக்கும்" என்று கேட்டாள். சுற்றவே இல்லை. ஒரு மத்தியானம்தான்.

எனக்கு அசிங்கமாக இருந்தது. சோற்றை அளைந்துவிட்டு எழுந்தேன்.

மே 4

ஹெப்சிபா மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது நான் அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொண்டேன். "இவுங்கதான் லிங்கம் மாமா. அலையப் பத்தி இவுங்ககிட்ட கேளு" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டாள்.

முன்பல் இரண்டு விழுந்த பிள்ளை. "மாமா, அந்த அலை கடல்ல வருமா?" என்றது.

"இல்லம்மா. வானத்துல வரும். தண்ணிகூட வேண்டாம், காத்துகூட வேண்டாம். இடமே ஆடும்."

"இடம் எப்படி ஆடும்?"

"அம்மாவும் நீயும் சேலை மடிச்சிருக்கீங்களா? ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்தா அந்தப் பக்கம் நீளும், இந்தப் பக்கம் சுருங்கும். அப்படி. பொறவு மாத்தி இந்தப் பக்கம் நீளும், அந்தப் பக்கம் சுருங்கும்."

"அப்ப நான் உயரமாவேனா?"

"ஆவ. பொறவு குட்டையாவ. ஆனா உனக்கே தெரியாது. அம்மாவோட மிஷினுக்குத்தான் தெரியும்."

பிள்ளை யோசித்தது. பிறகு, "அம்மா எப்ப வருவாங்க?" என்றது.

"அந்த அலையப் பாத்து முடிச்சதும்" என்றேன்.

எந்த அலையை? குழந்தையிடம்கூட வாய் கூசாமல் வருகிறது. டீ ஆறிப் போய்விட்டது என்று சொல்லிக் கீழே ஊற்றினேன். ஆறவில்லை.

மே 13

வயிறு சரியில்லை. மோர் மட்டும்.

மே 23

மேற்குக் குழாயின் கோடியில் பம்ப் பார்க்க ஜீப்பில் கிளம்பினேன். ஹெப்சிபாவும் ஏறிக்கொண்டாள். அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

நான் குனிந்து வால்வைத் திருகிக்கொண்டிருந்தபோது பேசினாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கேன். சிக்னலப் பத்தி இல்ல. அத நான் கேக்கவும் மாட்டேன், நீங்க எதுவும் தெரிஞ்சிருந்தா சொல்லவும் வேண்டாம்."

"கேளு."

"நான் ஜெர்மனிக்குப் போகவா, இங்கயே இருக்கவா? ஜூன்லயே வந்து சேரணுங்காங்க. ஆறு மாசம் தள்ளிக் கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. முதல் சிக்னல். கட்டுரைக்கு நான்தான் பொறுப்பு. இத விட்டுட்டுப் போனா சாகுற வரைக்கும் மனசு ஆறாது. போகலன்னா ஜெமி முகத்துல எப்படி முழிக்க? அவுங்க அப்பா பேசுறதையே குறைச்சிட்டாங்க."

வால்வு ஏற்கெனவே இறுகியிருந்தது. நான் இன்னும் திருகிக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொல்லுங்கண்ணே. நீங்க என்ன சொல்லுதீயளோ அதச் செய்யுதேன்."

"இருக்கதுதான் நல்லதுன்னு தோணுது. நீ இல்லாம இத யாரு பாப்பா" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. எத்தனையோ நாளாகச் சுமந்ததை இறக்கி வைத்த மாதிரி பெருமூச்சு விட்டாள்.

"போதும்ண்ணே. உங்க வாயால கேட்டாச்சு" என்றாள்.

நான் என்ன செய்ய முடியும்? விதி அப்படி. ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை கசியவிட்டால் இத்தனை பேரின் உழைப்பும் பாழ். நான் விதியைக் காப்பாற்றினேன்.

மே 27

இயக்குநர் அறைக்குப் போனேன். சார் போனில் இருந்தார். திரும்பி வந்துவிட்டேன். பிறகு நேரம் ஒழியவில்லை.

மே 30

ஜெர்மனிக்கு மறுத்துப் பதில் அனுப்பிவிட்டாள். மெஸ்ஸில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தாள். எனக்கு இரண்டு துண்டு வைத்தாள்.

ஜூன் 18

கட்டுரை வளர்கிறது. பிள்ளை அழுத கதையை இப்போது அவள் சொல்வதில்லை. கேட்டால், "இப்பல்லாம் அழுறதில்லண்ணே. போன்லயே வர மாட்டேங்கா" என்கிறாள். சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கிறாள்.

நான் சோப்பு வாங்க மறந்துவிட்டேன். எல்லாமே மறக்கிறது. மறக்க வேண்டியது மட்டும் மறப்பதில்லை.

ஜூலை 5

இந்த டைரியைப் பின்னால் புரட்டினேன். ஏப்ரல் பதினைந்தில் "வேறு காரணம் ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். யாரும் கேட்காத கேள்விக்கு ஏன் பதில் எழுதினேன்?

மூடி வைத்துவிட்டேன்.

ஜூலை 19

இன்று ஹாலில் எல்லோரும் கூடினோம். கட்டுரையை ஒருவர் விடாமல் ஒப்புக்கொண்டார்கள். ஹெப்சிபா நீலச் சேலை கட்டியிருந்தாள். வரதராஜுலு சார் எழுந்து நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"நீங்க கண்டுபிடிச்சது ஊசி" என்றார்.

யாரோ சிரித்தார்கள், யாரோ கை தட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள். அதுதான் வழக்கம். சோதனையில் ஜெயித்துவிட்டார்கள் அல்லவா. எடை, தூரம் எல்லாம் நான் வைத்தபடியே கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று சார் பாராட்டினார். கேசரி வந்தது. ஹெப்சிபாவும் கை தட்டினாள். கேசரியும் சாப்பிட்டாள், முழுக்க. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

வெளியே வந்தபோது சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஊசி போட்டது நீங்கதானாண்ணே?"

"ஆமா."

"அது உங்க வேலை. என்கிட்ட சொல்லியிருந்தா நானும் போட்டிருப்பேன். அதுல எனக்கு வருத்தமே இல்ல."

"சொல்லக்கூடாதுன்னு விதி இருக்குல்லாம்மா…"

"சிக்னல் நெசமான்னு நான் கேக்கவே இல்லையேண்ணே. போகவா, இருக்கவான்னுதான் கேட்டேன். போம்மான்னு ஒரு வார்த்த. அதச் சொல்லக்கூடாதுன்னு எந்த விதில இருக்கு?"

நான் ஸ்டாண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு ஊசின்னு தெரிஞ்சிருந்தா என்னைப் போகச் சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். இருன்னு சொன்னதும், அப்ப நெசந்தான்னு நானே முடிவு பண்ணிட்டேன். தப்பு என்மேலதான்" என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அதை எதிர்பார்த்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 20

இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"என்னப்பா இது. அன்னிக்கே எங்கிட்ட வந்திருக்கலாமே. ஒருத்தர் வாழ்க்கை சம்பந்தப்பட்டதுன்னா பாதியிலயே நிறுத்திரலாம்னு விதியிலயே இருக்கே. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அந்த விதிகளை எழுதிய மூன்று பேரில் நானும் ஒருவன்.

"சரி, விடு. முறைப்படி உன்மேல தப்பு ஒண்ணும் இல்ல" என்றார். அதுதான் நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

ஜெர்மனி இடத்துக்கு ஜூனிலேயே வேறு ஆள் வந்தாயிற்றாம். சாரே விசாரித்தார்.

ஜூலை 22

நேற்று முழுக்க அவளைத் தவிர்த்தேன். இன்று முடியவில்லை. அவள் அறைக்குப் போனேன். உட்காருங்கண்ணே என்றாள். என்மேல் இருந்த கோபத்தை எல்லாம் அவளே ஆற்றி முடித்துவிட்டாள் போலிருந்தது. டிசம்பர் விடுமுறைக்கு டிக்கெட் போட்டதைச் சொன்னாள். ஒரு மாதம் ஜெமியோடு இருக்கப் போகிறாளாம். பிளாஸ்கிலிருந்து எனக்கும் டீ ஊற்றினாள்.

வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். அப்படியே மன்னிப்பும் கிடைத்திருக்கும். ஆனால் அவள் மன்னித்தது வாய் திறக்காத ஒரு கோழையை. நான் அவன் மட்டும் இல்லை.

"ஹெப்சி, ஊசிய ஜூன்லதான் போடுறதா இருந்தேன்" என்றேன்.

அவள் கையில் டம்ளர் நின்றது.

"நீ ஜெர்மனி வேலை வந்துட்டுன்னு சொன்ன பொறவுதான் நாளை மாத்தினேன். காத்து இல்ல, குவாரி லீவுன்னு எனக்கே சாக்குச் சொல்லிக்கிட்டேன். ஒரு சிக்னல் வந்துட்டா நீ போக மாட்டேன்னு எனக்குத் தெரியும். நீ போனா… எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்ல."

இதுதான் காரணம். ஒரு பிள்ளையின் அம்மாவை இங்கே பிடித்து வைக்க வானத்தில் இரண்டு கருந்துளையை உண்டாக்கியிருக்கிறேன். சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

அவள் நெடுநேரம் என்னைப் பார்த்தாள். யாரென்று அடையாளம் தெரியாதவரைப் பார்க்கிற மாதிரி. பிறகு என் டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பாதி டீ அதில் இருந்தது.

நான் எழுந்து வந்தேன்.

ஜூலை 23

காலையில் கண்ட்ரோல் ரூமில் எல்லோரும் இருந்தார்கள். ஹெப்சிபா உள்ளே வந்து அவள் இடத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள்.

"குற்றாலிங்கம் சார், மேற்குக் கண்ணாடி மத்தியானத்துக்குள்ள ரெடி ஆயிடுமா?" என்றாள்.

பக்கத்தில் இருந்த பையன்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். ஆயிரும்மா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"ஆயிடும், மேடம்" என்றேன்.